கள்ள நகல் உலகத்துக்கும் சட்டப் புத்தகம் உண்டு, தெரியுமா?

பாட்டையும் மென்பொருளையும் திருட்டுத்தனமாக நகல் போட்டு வெளியிட்ட கூட்டங்கள், அந்த வேலைக்கென்று தாங்களே சட்டப் புத்தகம் எழுதி வைத்திருந்தன, தெரியுமா? சம்பளம் கிடையாது. மேலதிகாரி கிடையாது. கூட்டாளியின் முகத்தைப் பார்த்தவர்கூட அநேகமாகக் கிடையாது. ஆனாலும் ஒரு பாட்டை எந்த அளவுக்குச் சுருக்க வேண்டும், எந்த மென்பொருளால் சுருக்க வேண்டும், ஃபைல் பெயரில் எந்தெந்த எழுத்து வரலாம், எது வரவே கூடாது என்பதெல்லாம் எழுத்தில் இருந்தன! ஒரே ஒரு விதி பிசகினாலும் போச்சு. அந்த வெளியீட்டைச் செல்லாது என்று முத்திரை குத்தி, காரணத்தையும் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி ஒதுக்கிவிடுவார்கள்.

அதே காலத்தில், அதே பாட்டுகளை, கோடிக்கணக்கானவர்கள் எந்த விதியும் இல்லாமல் இஷ்டத்துக்குப் பகிர்ந்துகொண்டும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் இருந்தது ஒரே இணையம், ஒரே கம்ப்யூட்டர். வித்தியாசம் ஒரு கேள்வியில்தான் இருக்கிறது: இந்த ஃபைலைச் சரிபார்த்தது யார்? கட்டுக்கோப்பான கூட்டத்தில் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு. மற்றதில் யாரும் இல்லை. இந்த ஒற்றை வித்தியாசம் எங்கெங்கெல்லாம் கொண்டுபோய்விட்டது என்பதைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது!

முதலில் அந்தக் கட்டுக்கோப்பானவர்களின் கதை. தங்கள் உலகத்தை அவர்கள் ‘சீன்’ என்று அழைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் வேலைப் பிரிவினை உண்டு. சரக்கைக் கொண்டுவந்து தருபவர் ஒருவர், பூட்டை உடைப்பவர் ஒருவர், சுருக்கிக் கட்டுபவர் ஒருவர், உலகமெங்கும் உள்ள ரகசிய சர்வர்களுக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் ஒருவர். இந்த ஓட்டக்காரர்களுக்குள் யார் முதலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார் என்று தனிப் போட்டியே நடந்தது. ஒரு குழு வெளியிட்டதையே இன்னொரு குழு சற்றுத் தாமதமாக வெளியிட்டால் இரண்டாவது செல்லாது. ஏற்கெனவே வந்துவிட்டது, அவ்வளவுதான்!

ஒவ்வொரு வெளியீட்டுக்குள்ளும் ‘என்எஃப்ஓ’ என்றொரு சின்ன எழுத்துக் குறிப்பு இருக்கும். 1990இல் ‘தி ஹம்பிள் கைஸ்’ என்ற குழு தொடங்கிவைத்த வழக்கம் இது. என்ன வெளியீடு, எந்தத் தேதி, எத்தனை துண்டு, எந்தக் குழு, எல்லாம் அதில் வந்துவிடும். சுற்றிலும் வெறும் கீபோர்டு எழுத்துகளாலேயே வரைந்த சித்திர வேலைப்பாடு வேறு! அதைவிடக் குட்டியான இன்னொரு ஃபைலும் உண்டு. இணையத்துக்கு முந்தைய தொலைபேசி மோடம் காலத்தில் பிறந்தது அது. பத்து வரி, வரிக்கு 45 எழுத்து, அதற்குள் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும். ஃபைலைப் பல துண்டாக வெட்டி அனுப்பும் பழக்கமும் அந்தக் காலத்து மிச்சம்தான். 1.44 எம்பி பிளாப்பியில் அடங்க வேண்டுமே! பிளாப்பியே ஒழிந்துபோன பிறகும், அதிவேக இணைப்பு வந்த பிறகும், அவர்கள் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். விதி என்றால் விதி.

1993இல் மாஸ்கோவில் தொடங்கிய ‘டிரிங்க்ஆர்டை’ என்ற குழு, விண்டோஸ் 95 கடைக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே அதன் நகலை வெளியிட்டுவிட்டது, தெரியுமா? உலகமே நள்ளிரவில் வரிசையில் நின்று வாங்கப்போகிற சரக்கு, இவர்கள் கையில் முன்கூட்டியே! இதற்கெல்லாம் விலை கொடுக்கும் நாளும் வந்தது. 2001 டிசம்பர் 11 அன்று அமெரிக்க அதிகாரிகள் தலைமையில் ஆறு நாடுகளில் ஒரே நேரத்தில் சோதனை. அந்தக் குழுவைச் சேர்ந்த, அமெரிக்க மண்ணில் கால்கூட வைக்காத ஓர் ஆஸ்திரேலியாவாசியை அமெரிக்காவுக்கே நாடு கடத்தி, 2007இல் 51 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தார்கள்.

இனி வருவது இன்னும் ஆச்சரியம். எம்பி3 பாட்டுகளை வெளியிடவென்றே கிளம்பிய முதல் குழு ‘கம்ப்ரஸ் த ஆடியோ’. 1996 ஆகஸ்ட் 10 அன்று அது வெளியிட்ட முதல் பாட்டு யாருடையது தெரியுமா? மெட்டாலிகா! நான்கே ஆண்டு கழித்து, 2000இல், ‘நாப்ஸ்டர்’ என்ற பாட்டுப் பகிர்வுச் சேவை மேல் வழக்குப் போட்டு, தங்கள் பாட்டைப் பகிர்ந்த 3,35,435 பயனர் பெயர்களைப் பெட்டி பெட்டியாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்களே, அதே மெட்டாலிகா!

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிங்ஸ் மவுண்டன் என்றோர் ஊர். அங்கே சிடி அச்சடிக்கும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. வாசலில் காவல், சோதனை, எல்லாம் உண்டு. ஆனாலும் அங்கிருந்து வெளிவராத இசைத்தட்டுகள் வெளியே போய்க்கொண்டே இருந்தன. எப்படித் தெரியுமா? பெரிய பெல்ட் பக்கிளுக்குப் பின்னால் மறைத்து! அங்கே வேலை பார்த்த ஒரு தொழிலாளியின் கைவழியாகப் போன ஆல்பங்கள் ஏறக்குறைய இரண்டாயிரம். ‘ரேபிட் நியூரோசிஸ்’ என்ற குழு அவற்றை வாங்கி வெளியிட்டது. 1996 முதல் 2007 வரை அந்தக் குழு வெளியிட்ட ஆல்பங்கள் இருபதாயிரத்துக்கும் மேல். பத்திரிகையாளர் ஸ்டீபன் விட் 2015இல் எழுதிய புத்தகம் இந்தக் கதையை முழுக்கச் சொல்கிறது. உலகின் பெரிய பெரிய ராப் பாடகர்களின் ரகசியம், ஒரு சிற்றூரின் ஷிப்ட் தொழிலாளி கையில் இருந்திருக்கிறது!

இத்தனை செய்தவர்கள் அதை விற்றார்களா? விற்கக் கூடாது என்பது விதி. பொதுமக்களிடம் கசியவும் கூடாது என்பது இன்னொரு விதி. சில நூறு பேருக்குள் சுற்ற வேண்டியது, எப்படியோ ஓட்டை விழுந்து, கோடிப் பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவர்களுடைய, பாடியவர்களுடைய உழைப்பு அப்படித்தான் போனது. அந்த நஷ்டத்தை மறந்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லக் கூடாது. ஆனால் கூலியில்லாத ஒரு கூட்டம் தரத்துக்காக இப்படி மல்லுக்கட்டியது என்பதும் உண்மை.

இப்போது கோடிப் பேரின் பக்கம் வருவோம். 1999 ஜூனில், 18 வயது ஷான் ஃபேனிங் நாப்ஸ்டரைத் திறந்துவிட்டார். நேர்முகம் இல்லை, விதிப் புத்தகம் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் என்ன பாட்டு இருக்கிறதோ அது ஊருக்கே பொது. 2001 பிப்ரவரியில் 2 கோடியே 64 லட்சம் பேர் அதில் இருந்தார்கள்! பெயர் வைப்பது அவரவர் விருப்பம். விளைவு? ‘டோன்ட் வொரி பி ஹேப்பி’ என்ற பாட்டு பாப் மார்லி பெயரில் உலகைச் சுற்றியது. அதைப் பாடியவர் பாபி மெக்ஃபெரின். பாட்டு வெளிவந்தது 1988இல். மார்லி காலமானதோ 1981இல்! இன்றைக்கும் லட்சக்கணக்கானவர்கள் அது மார்லி பாட்டு என்றே சத்தியம் செய்வார்கள். யாரோ ஒருவர் ஒருநாள் தப்பாக அடித்த ஒரு பெயர், இத்தனை வருஷம் வாழ்கிறது.

நம் ஊரில் மட்டும் என்ன? ‘அச்சமில்லை அச்சமில்லை’ படப் பாட்டுகளை ‘இளையராஜா ஹிட்ஸ்’ கட்டுக்குள் கேட்காதவர் யார்? 1984இல் வந்த அந்தப் படத்துக்கு இசையமைத்தவர் வி. எஸ். நரசிம்மன். எண்பதுகளின் இனிமையான பாட்டென்றால் ராஜா பாட்டாகத்தான் இருக்கும் என்று யாரோ நினைத்து ஃபைலுக்குப் பெயர் வைத்தார்கள், அடுத்தவர் அப்படியே அனுப்பினார். இப்படி ஒரு கலைஞரின் பெயர் அழிவது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

நாப்ஸ்டரில் ஒரு விசித்திரம் கவனித்தீர்களா? ஆட்கள் கட்டுப்பாடு இல்லாமல் இருந்தார்கள், ஆனால் எந்திரம் கட்டுக்கோப்பாக இருந்தது. யாரிடம் எந்தப் பாட்டு இருக்கிறது என்ற பட்டியல் முழுவதும் நிறுவனத்தின் சொந்த சர்வர்களில். அதனால் நீதிமன்றம் அந்த ஒரே கழுத்தைப் பிடித்தது. 2001 ஜூலையில் கதை முடிந்தது. சீன் உலகில் இதற்கு நேர் எதிர். ஆட்களுக்கு ஆயிரம் கட்டுப்பாடு, சர்வர்களோ உலகமெங்கும் சிதறிக்கிடந்தன.

மையமே இல்லாமல் செய்துவிட்டால்? அப்படி ஒன்றும் வந்தது. 2000 மார்ச் 14 அன்று, ஏஓஎல் நிறுவனத்துக்குச் சொந்தமான நல்சாஃப்டில் வேலை பார்த்த இருவர் ‘நுடெல்லா’ என்ற நிரலை இணையத்தில் போட்டார்கள். பதறிப்போன ஏஓஎல் மறுநாளே எடுத்துவிட்டது. ஒரு நாள் போதாதா! அதற்குள் அது பரவிவிட்டது. ஆனால் அதே ஆண்டு ஜெராக்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த அடார், ஹூபர்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உள்ளே எட்டிப் பார்த்தபோது தெரிந்த உண்மை என்ன தெரியுமா? ஏறக்குறைய 70 சதவீதம் பேர் ஒரு ஃபைலைக்கூடப் பகிரவில்லை! எடுத்துக்கொள்வது மட்டும்தான். வெறும் ஒரு சதவீதம் பேர்தான் மொத்தத் தேடல்களில் ஏறக்குறைய பாதிக்குப் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் பொது என்று நினைத்த பந்தி, உண்மையில் சில பேர் சமைத்து ஊருக்கே போட்ட சாப்பாடு!

சரிபார்க்க ஆள் இல்லாத இடத்தில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து போடலாம் இல்லையா? 2003இல் பாடகி மடோனா அதைத்தான் செய்தார். புது ஆல்பம் ‘அமெரிக்கன் லைஃப்’ பாட்டுகளின் பெயரில் போலி ஃபைல்கள் இறங்கின. ஆசையாக டவுன்லோடு செய்து திறந்தவர்களுக்குக் கேட்டது பாட்டு அல்ல, மடோனாவே தம் குரலில் திட்டும் வசை! இப்படிப் போலிகளைக் கொட்டுவதையே தொழிலாகச் செய்த நிறுவனங்களும் அப்போது இருந்தன.

இந்த இரண்டு நோய்க்கும், அதாவது கொடுக்காமல் எடுப்பவர்களுக்கும் கலப்படத்துக்கும், கணக்கிலேயே மருந்து கண்டுபிடித்தவர் பிராம் கோஹன். 2001 ஜூலையில் அவர் வெளியிட்ட பிட்டோரண்ட் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? பெரிய ஃபைலைச் சின்னச் சின்னத் துண்டாக்கிவிடும். நீங்கள் ஒரு துண்டை வாங்கும்போதே, கையில் இருப்பதை இன்னொருவருக்குக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். பத்து விநாடிக்கு ஒருமுறை உங்கள் கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். எனக்கு வேகமாகக் கொடுப்பவர் யார்? அவருக்கே நானும் கொடுக்கிறேன்! அப்படியானால் கொடுக்க ஒன்றுமே இல்லாத புது ஆள் என்ன செய்வார்? அதற்கும் இடம் வைத்திருக்கிறார் கோஹன். முப்பது விநாடிக்கு ஒருமுறை, எதையும் எதிர்பாராமல், யாராவது ஒருவருக்கு வாய்ப்புக் கொடுக்கும்! எந்தத் துண்டு ஊரில் அரிதாக இருக்கிறதோ அதையே முதலில் தேடி எடுக்கும். ஒரு நன்னடத்தை விதியை மனிதருக்குப் போதிக்காமல், எந்திரத்துக்குள் எழுதிவைத்த அழகை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

2003இல் ரெட்ஹேட் லினக்ஸ் 9 இயங்குதளம் வெளிவந்தபோது, 1.77 ஜிபி அளவுள்ள அந்த ஃபைலை ஐந்து மாதத்தில் ஏறக்குறைய 1,80,000 கம்ப்யூட்டர்கள் பிட்டோரண்ட் வழியாக ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொண்டன. முழுக்கச் சட்டப்படியான பகிர்வு! ஆளுக்கு ஆள் அறிமுகம் இல்லை, விதிப் புத்தகம் இல்லை, ஆனால் ஒழுங்கு இருந்தது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கைரேகை எண் உண்டு. ஒரு எழுத்து மாறினாலும் எந்திரம் அதைத் தூக்கியெறிந்துவிடும். ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் போட்டவர் போட்டதுதானா என்றுதான் எந்திரம் பார்க்கும். முதலில் போட்டதே மார்லி பெயரில் மெக்ஃபெரின் பாட்டு என்றால்? ஒரு பிட் குறையாமல் அந்தப் பிழையையும் உலகத்துக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்!

அதனால்தான் மனிதர்கள் மறுபடி கதவு வைத்துக் காவல் போட்டார்கள். பிட்டோரண்ட்டையே அடிப்படையாக வைத்து, உள்ளே வர அழைப்பு வேண்டும் என்ற தனிக் குழுக்கள் கிளம்பின. இங்கிலாந்தில் ஒருவர் 2004இல் தொடங்கிய ‘ஓயிங்க்’ இசைப் பகிர்வுக் குழுவில் ஏறக்குறைய 1,80,000 பேர். ‘நைன் இன்ச் நெயில்ஸ்’ இசைக்கலைஞர் டிரெண்ட் ரெஸ்னரே அதில் உறுப்பினராக இருந்ததாகச் சொல்லி, உலகிலேயே தலைசிறந்த இசைத்தட்டுக் கடை அதுதான் என்று புகழ்ந்தார்! 2007 அக்டோபரில் போலீஸ் அதை மூடியது. நடத்தியவரை 2010இல் நடுவர் குழு குற்றமற்றவர் என்று விடுவித்தது.

அது மூடிய அதே மாதம் பிறந்தது ‘வாட்.சிடி’. இதில் சேர நேர்முகத் தேர்வு நடந்தது, தெரியுமா? வேலைக்கு அல்ல, பாட்டுப் பகிர! அரட்டை அறையில் தேர்வாளர் கேள்வி கேட்பார். தரம் குறையாமல் சுருக்குவது எப்படி, குறைத்துச் சுருக்குவது எப்படி, ஒருமுறை குறைத்ததை மறுபடி நல்ல வடிவத்துக்கு மாற்றினால் ஏன் மோசடி என்றெல்லாம் விளக்க வேண்டும். பிறகு ஒரு படத்தைக் காட்டுவார். ஒரு பாட்டின் ஒலி அலைகளை வண்ணமாக விரித்த படம். சிடியிலிருந்து ஒழுங்காக எடுத்த பாட்டு என்றால் வண்ணம் 22 கிலோஹெர்ட்ஸ் உயரம்வரை மங்கி மங்கி ஏறும். 128 கேபிபிஎஸ் அளவில் சுருக்கிய எம்பி3 என்றால் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் நேர்கோடாக வெட்டுப்பட்டு, அதற்கு மேல் வெறும் கறுப்பு. பெயரில் என்னதான் உயர்தரம் என்று எழுதியிருந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும்! கூகுளில் தேடிப் பதில் சொன்னதாகத் தெரிந்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். உள்ளே வந்த பிறகும் நிம்மதி இல்லை. எடுத்ததற்கு ஈடாக இவ்வளவு கொடுத்திருக்க வேண்டும் என்ற விகிதக் கணக்கு எப்போதும் தலைக்கு மேல் தொங்கும்.

அங்கே சேர்ந்தது பாட்டு மட்டுமல்ல. 2013 நவம்பரில் அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சரின் வெளிவராத மூன்று கதைகள் அங்கேதான் கசிந்தன. அதில் ஒன்று, 2060க்கு முன் அச்சேறக் கூடாது என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் பூட்டிவைத்திருந்த கதை! ஆனால் 2016 நவம்பர் 17 அன்று பிரான்ஸ் அதிகாரிகள் சர்வர்களைக் கைப்பற்றினார்கள். உறுப்பினர்களைக் காப்பாற்ற, தளத்தையும் அதன் தரவுகளையும் நடத்தியவர்களே அழித்துவிட்டதாக அறிவித்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான வெளியீடுகளைப் பற்றி, எந்த ஆண்டு, எந்த நாட்டுப் பதிப்பு, எந்த அச்சு என்று ஆயிரக்கணக்கான கைகள் சேர்த்த அட்டவணை ஒரே நாளில் போயிற்று. பாட்டுகள் அவரவர் கம்ப்யூட்டரில் பிழைத்திருக்கும். அந்த அட்டவணைதான் திரும்பி வராது.

மேலே விதி போடுபவர்களுக்கும் கீழே அள்ளிக்கொள்பவர்களுக்கும் சண்டை வந்த கதையும் உண்டு! 2012 பிப்ரவரியில் சீன் குழுக்கள், டிவி நிகழ்ச்சிகளை இனிப் பழைய வடிவத்தில் வெளியிட மாட்டோம், புது வடிவம்தான் என்று விதியை மாற்றின. அந்த விதி தயாரான அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்திராத கூட்டம், வீட்டு டிவிடி பிளேயரில் ஓடவில்லையே என்று கொதித்தெழுந்தது! காசு கொடுக்காதவர்கள், உறுப்பினரும் அல்லாதவர்கள், ஆனால் கோபம் நிஜம். மேலே இருந்தவர்கள் அசையவில்லை.

சரி, இத்தனை ஒழுங்கும் திருட்டுக்கு மட்டும்தானா? இல்லவே இல்லை. எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். அமெரிக்க இசைக்குழு ‘கிரேட்ஃபுல் டெட்’, தங்கள் கச்சேரிகளை ரசிகர்கள் பதிவு செய்யட்டும் என்று விட்டதோடு, 1984 அக்டோபர் முதல் மைக் கம்பத்தோடு வருபவர்களுக்கு அரங்கில் தனி இடமே ஒதுக்கியது! ஒரே நிபந்தனை, விற்கக் கூடாது. காலி கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால், முன்பின் தெரியாத ஒருவர் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். ஆனால் கேசட்டிலிருந்து கேசட்டுக்கு மாற மாற இரைச்சல் ஏறுமே? அதற்கு ‘மரம்’ அமைத்தார்கள். மூலப் பதிவு வேர். அதிலிருந்து சில கிளைகள். ஒவ்வொரு கிளையும் சில இலைகளுக்கு. இரண்டு மூன்று நகலுக்குள் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போய்விடும்!

1998இல் இந்தப் பழக்கம் ‘ஈட்ரீ’ என்ற பெயரில் இணையத்துக்கு வந்தது. எம்பி3 கூடவே கூடாது, தரம் குறையாத வடிவம் மட்டும். ஒவ்வொரு கச்சேரியோடும் ஒரு குறிப்பு ஃபைல் வரும். அதைத் திறந்து பாருங்கள். குழுவின் பெயர், தேதி, அரங்கம், ஊர். எந்த மைக், எங்கே வைத்தது, எந்த ரெக்கார்டர். கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எந்தக் கருவி வழியாக வந்தது. பாட்டு வரிசை. மூன்றாவது பாட்டில் டேப் திருப்பியபோது சில விநாடி விட்டுப்போயிருந்தால் அதையும் ஒளிக்காமல் எழுதியிருப்பார்கள்! கூடவே ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 எழுத்துக் கைரேகை. ஃபைலின் பெயரிலேயே ஆண்டு, மாதம், நாள்.

2002இல் இந்தத் தொண்டர்களும் ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற இணைய நூலகமும் சேர்ந்து நேரடி இசைக் காப்பகத்தைத் திறந்தார்கள். 2005 நவம்பரில் டெட் குழு தரப்பு டவுன்லோடை நிறுத்தச் சொன்னபோது ரசிகர்கள் கொந்தளித்தார்கள். சில நாளில் ரசிகர் பதிவுகள் திரும்பி வந்தன, அரங்கின் ஒலிப்பலகையிலிருந்து நேராக எடுத்த பதிவுகளைக் கேட்க மட்டும் முடிந்தது. 1977 மே 8 அன்று அந்தக் குழு கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடத்திய கச்சேரியின் ஒலிநாடா, ரசிகர் கை மாறி மாறிப் புகழ்பெற்று, கடைசியில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே இடம்பிடித்தது!

ஆய்வுக் கட்டுரை உலகிலும், இஷ்டத்துக்குப் பகிர்வது, கட்டுக்கோப்பாகச் சேர்ப்பது என்ற இந்த இரண்டு வழியும் உண்டு. ஒரே ஆண்டில், 2011இல், இரண்டும் தொடங்கின! ட்விட்டரில் ‘ஐ கேன் ஹாஸ் பிடிஎஃப்’ என்ற அடையாளத்தோடு கட்டுரையின் இணைப்பையும் மின்னஞ்சலையும் போட்டால், எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் இருப்பவர் அனுப்பிவைப்பார். கிடைத்ததும் பதிவை அழித்துவிட வேண்டும் என்பது வழக்கம். அதனால் தடமே இருக்காது. அதே ஆண்டு கஜகஸ்தானைச் சேர்ந்த அலெக்ஸாண்ட்ரா எல்பக்யான் தொடங்கிய சை-ஹப், வந்ததை எல்லாம் சேர்த்துவைத்தது. 2017 மார்ச் கணக்குப்படி 8 கோடியே 16 லட்சம் கட்டுரைகளில் 68.9 சதவீதம் அதன் கையில். வழக்குகளும் கூடவே சேர்ந்தன.

தமிழுக்கு இதில் பங்கில்லையா? ஈட்ரீ பிறந்த அதே 1998இல், பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். யூனிகோட் பரவாத காலம், ஆளுக்கொரு எழுத்துரு! அப்போதே திருக்குறளையும் சங்க நூல்களையும் உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் ஓய்வு நேரத்தில் தட்டச்சு செய்தார்கள், இன்னொருவர் பிழை திருத்தினார். மதுரைத் திட்டத்தின் ஃபைல் எதையாவது திறந்து தலைப்பகுதியைப் பாருங்கள். தட்டச்சு செய்தவர் பெயர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர், வடிவமைத்தவர் பெயர், எல்லாம் இருக்கும். அதன் கீழே ஒரு நிபந்தனையும் இருக்கும்: இந்த ஃபைலை யாருக்கு வேண்டுமானாலும் தாராளமாகக் கொடுக்கலாம், ஆனால் இந்தத் தலைப்பகுதியை நீக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் இலவச பிடிஎஃப்பாக நமக்கு வந்து சேரும் பழந்தமிழ் நூல்கள் எத்தனையோ. முதலில் வெட்டப்படுவது அந்தத் தலைப்பகுதிதான்!